சண்டியனுக்குரிய சைகை

கைமொழி அகராதிக்காகச் ‘சண்டியன்’ என்ற சொல்லைப் படம்பிடித்த ஞாயிற்றுக்கிழமை, அந்தச் சின்ன அறையில் இருந்த எல்லோரும் வயிறு நோகச் சிரித்தார்கள். பிறிஜெற் கமெராவுக்கு முன்னால் நின்று, வலது கையால் தன் காதின் மேல்பாதியைப் பிடித்து, அதைப் பிய்த்து எறிவதுபோல் காட்டினாள். முகத்தையும் கொஞ்சம் விறைப்பாக வைத்துக்கொண்டாள். அவளுடைய கணவன் றொஹான் சுவரில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். ஒவ்வொரு தடவை எடுக்கும்போதும் யாராவது ஒருவர் சிரித்துக் கமெராவை ஆட்டிவிட்டார்கள்.

கொட்டாஞ்சேனையில் அவர்களைப் போலக் காது கேளாதவர்களுக்குள் அந்தச் சொல்லுக்கு வேறு சைகை கிடையாது. அது ரொனியின் காது. துறைமுகத்துப் பக்கம் நடந்த ஒரு கத்திச் சண்டையில் ரொனிக்கு இடது காதின் மேல்பாதி போயிருந்தது. அந்தக் காலத்தில் அவனைக் கண்டால் கடைக்காரர்கள் பார்வையைத் தாழ்த்திக்கொள்வார்கள். ஒருநாள் ஜிந்துப்பிட்டிச் சந்தியில், பின்னால் வந்து ஹோர்ன் அடித்தும் விலகாமல் நடந்துபோன ஓர் இளைஞனை மோட்டார் சைக்கிளிலிருந்து இறங்கி ஹெல்மெட்டால் முகத்தில் அடித்தான். அந்த இளைஞன் றொஹான். முன்பற்கள் இரண்டும் தெருவில் விழுந்தன. எதற்காக அடி விழுகிறது என்று தெரியாமலே றொஹான் அடி வாங்கினான்.

அன்றிலிருந்து அவனுடைய நண்பர்கள் ரொனியைக் குறிக்கக் காதைப் பிய்த்துக் காட்டத் தொடங்கினார்கள். போகப் போக அது ரொனியின் பெயராக மட்டும் நிற்கவில்லை. பஸ்ஸில் பிடித்துத் தள்ளும் கொண்டக்டர், கதவை உதைக்கும் வீட்டுக்காரன், குடித்துவிட்டுச் சந்தியில் நின்று கத்துகிறவன் என்று எல்லோரும் அந்தச் சைகைக்குள் வந்து சேர்ந்தார்கள். காது கேட்கிறவர்கள் ஒருவருக்கும் இது தெரியாது.

அகராதி ஸமீமாவின் யோசனை. அவளுக்குக் காது கேட்கும். கூடப்பிறந்த ராத்தாவுக்குக் கேட்காது என்பதால் பேசப் பழகிய வயதிலேயே கைமொழியும் பழகியிருந்தாள். கணவன் புவாத்தின் போன் திருத்தும் கடைக்குப் பின்னால் இருந்த அறையில் நீலத் துணி ஒன்றைத் தொங்கவிட்டு, இணையத்தில் ஒரு பக்கம் திறந்தாள். ஒரு சொல்லுக்கு ஒரு சின்ன வீடியோ, அதற்குக் கீழே தமிழிலும் சிங்களத்திலும் பொருள். காது கேளாத பிள்ளையைப் பெற்ற தாய்மாரும் ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களும் பார்த்துப் பழகலாம். எந்த ஊர்க்காரரும் தங்கள் சைகையை எடுத்து அனுப்பலாம். பள்ளிக்கூடத்தில் சொல்லித்தந்ததை மட்டும் போட்டால் போதாது, நாங்கள் தெருவில் காட்டுகிறதைத்தான் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவள் பிறிஜெற். தையல் கடையில் வேலை செய்கிற அவளுடைய விரல்கள் அவ்வளவு துப்புரவாகப் பேசும் என்பதால் பெரும்பாலான வீடியோக்களில் அவளே நின்றாள்.

அந்த வருடம் ரொனி மாநகரசபைத் தேர்தலுக்கு நிற்கப் போவதாக இருந்தது. பந்தல் சாமான் வாடகைக்கு விடும் தொழிலில் நல்லாக வந்துவிட்டான். வெள்ளைச் சேர்ட் போட்டான். கோயில் திருநாளுக்கு இலவசமாகப் பந்தல் போட்டுக்கொடுத்தான். காதை மறைக்க முடியை வளர்த்திருந்தான். யாரோ ஒருவர் பிறிஜெற்றின் வீடியோவை எடுத்து, பக்கத்தில் ரொனியின் சுவரொட்டிப் படத்தை ஒட்டி, ஒரு குத்துப்பாட்டையும் சேர்த்து வட்ஸ்அப்பில் விட்டுவிட்டார்கள். கொட்டாஞ்சேனையில் அதைப் பார்க்காத போன் இல்லை என்றாகிவிட்டது. ரொனி தெருவால் போகும்போது பள்ளிக்கூடப் பிள்ளைகள் காதைப் பிடித்தார்கள்.

அவன் வந்தது ஒரு புதன்கிழமை பின்னேரம். புவாத் போன் சாமான் வாங்கப் புறக்கோட்டைக்குப் போயிருந்தான். பின்னறையில் பிறிஜெற்றும் ஸமீமாவும் மட்டும் இருந்தார்கள். பிறிஜெற் வாசலுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். ஸமீமாவின் முகம் வெளுத்ததைப் பார்த்துத்தான் திரும்பினாள். ரொனியும் இன்னொருவனும் நின்றார்கள்.

ரொனி பேசினான். ஸமீமாவின் கைகள் அதைச் சொல்லின. “வீடியோவை அழிக்கட்டாம்.” சொல்லிக்கொண்டே அவள் மடிக்கணினியைத் திறந்து அழித்தாள். அழித்ததை ரொனிக்குக் காட்டினாள். அத்தோடு முடிந்துவிடும் என்று பிறிஜெற் நினைத்தாள். ரொனி அவளைப் பார்த்துத் தன் காதைத் தொட்டான். பிறகு அவளை நோக்கி விரலை நீட்டினான். இதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. எனக்கு முன்னால் இப்போது காட்டு என்கிறான்.

அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டாள்.

முதல் அடி கன்னத்தில் விழுந்தது. கதிரையோடு சேர்ந்து சரிந்தாள். அவன் அவளுடைய கூந்தலைப் பிடித்துக் கடை வழியே முன்வாசலுக்கு இழுத்துக்கொண்டு போனான். கண்ணாடிப் பெட்டி ஒன்று சரிந்து போன் உறைகள் எல்லாம் கொட்டின. வாசற்படியில் அவளைக் குப்புறத் தள்ளி, வலது மணிக்கட்டின் மேல் சப்பாத்துக் காலை வைத்து அழுத்தினான். விரல்கள் ஷட்டர் வந்து விழும் இடத்தில் விரிந்து கிடந்தன. மற்றவன் எட்டி ஷட்டரைப் பிடித்து முழுப் பாரத்தோடும் இழுத்து விட்டான்.

தன் சத்தம் அவளுக்குக் கேட்கவில்லை. தொண்டை கிழிவது தெரிந்தது. தெருவில் போனவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் தன் பக்கம் திரும்பியதைப் பார்த்தாள். பிறகு அவர்கள் ஒவ்வொருவராக மறுபக்கம் திரும்பிக்கொண்டதையும் பார்த்தாள். ஷட்டர் மேலே போய் இரண்டாவது தடவை வந்தது. அதற்குப் பிறகு அவளுக்கு எதுவும் நினைவில்லை.

ஆஸ்பத்திரியில் விரல்களுக்குள் கம்பி வைத்துக் கட்டினார்கள். சுட்டுவிரலும் நடுவிரலும் இனி முழுதாக மடங்காது என்று டொக்டர் ஒரு தாளில் எழுதிக் காட்டினார். கட்டுப் போட்ட கையோடு அவள் பொலிஸுக்குப் போனாள். முறைப்பாடு எழுதும் சாஜனுக்குத் தமிழ் அவ்வளவாக வராது. அவளுடைய கைமொழி அங்கே யாருக்கும் தெரியாது. ஸமீமாதான் கூட வந்து சொல்வதாக ஏற்பாடு. பிறிஜெற் இடது கையால், மெதுவாக, ஒன்றும் விடாமல் சொன்னாள். காதைப் பிய்த்துக் காட்டினாள், மணிக்கட்டின் மேல் இருந்த சப்பாத்தைக் காட்டினாள், ஷட்டர் இரண்டு தடவை விழுந்ததைக் காட்டினாள். சொல்லி முடிக்க நெடுநேரமாயிற்று. ஸமீமா சாஜனிடம் திரும்பிச் சிங்களத்தில் பேசினாள். சாஜன் ஒரு வரி எழுதிப் புத்தகத்தை மூடினார். பிறிஜெற்றைப் பார்த்து அனுதாபமாகத் தலையை ஆட்டினார்.

வெளியே வந்ததும் பிறிஜெற் கேட்டாள். “என்ன சொன்னாய்?”

ஸமீமா தெருவைப் பார்த்தாள். பிறகு கைகளை நெஞ்சுக்குக் கிட்ட வைத்து, யாரும் பார்த்துவிடாதபடி சிறிதாகச் சொன்னாள். “ஷட்டர் வழுக்கி விழுந்தது எண்டு.”

அதற்குப் பிறகும் அவள் நிறையச் சொன்னாள். கடை அங்கேதான் இருக்கிறது, பிள்ளைகள் அந்தத் தெருவால்தான் பள்ளிக்கூடம் போகிறார்கள், புவாத் வேண்டாம் என்று சத்தியம் வாங்கிவிட்டான். பிறிஜெற் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். காது கேளாத ஒருவர் கண்ணை மூடிக்கொண்டால் அதற்கு மேல் அவரிடம் எதுவும் சொல்ல முடியாது. அது ஸமீமாவுக்கும் தெரியும்.

றொஹான் ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் யாட் ஒன்றில் வேலை செய்தான். பலசாலி. ஆனால் சண்டை என்றால் ஒதுங்கிப்போகிறவன், பகிடிக்காரன், பல் போன கதையையே சிரிக்கச் சிரிக்க நடித்துக்காட்டுகிறவன். அன்று பிறிஜெற் பொலிஸில் நடந்ததைச் சொன்னபோது, ஸமீமா என்ன சொன்னாள் என்பதைத் திரும்பத் திரும்பக் கேட்டான். பிறகு கேட்பதை நிறுத்தினான். அடுத்த நாளிலிருந்து வீட்டில் அவன் பேச்சே குறைந்துபோயிற்று. சோறு, தண்ணீர், மருந்து என்ற சொற்களோடு அவனுடைய கைகள் நின்றுகொண்டன. மாடிக்குடியிருப்பின் கீழே பழைய நண்பன் ஹியூபேட்டோடும் யாட்டில் வேலை செய்த இன்னொரு கேளாதவனோடும் அவன் நின்று கதைப்பதைச் சன்னலால் கண்டாள். அவள் இறங்கிப் போனால் மூவரும் கையைக் கீழே போட்டுவிடுவார்கள்.

கட்டு அவிழ்ப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை, வேலைப் பையை வீட்டில் வைத்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் றொஹான் இறங்கிப் போனான். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் ஓடினாள். ரொனியின் பந்தல் சாமான் கிடங்கு ஓர் ஒழுங்கையின் முடிவில் இருந்தது. அவள் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. தகரக் கதவு திறந்து கிடந்தது. கிடங்கில் தனியாக இருந்த ரொனியை றொஹானும் மற்ற இருவரும் ஏற்கனவே நிலத்தில் விழுத்தியிருந்தார்கள்.

அதைப்போல ஓர் அடியை அவள் வாழ்க்கையில் கண்டதில்லை. அடிக்கிறவர்கள் மூவரும் வாயைத் திறக்கவில்லை. ஹியூபேட் விறகுத் தடியால் விலாவில் அடித்தான். மற்றவன் உதைத்துக்கொண்டே இருந்தான். றொஹானின் கையில் யாட்டில் கதவு நெம்பும் இரும்பு அலவாங்கு இருந்தது. அவன் இரண்டு கையாலும் அதைத் தலைக்கு மேல் தூக்கி ரொனியின் முழங்காலில் இறக்கினான். முழங்கால் மடங்கக் கூடாத பக்கமாக மடங்கியது. வெள்ளைச் சேர்ட் முழுவதும் இரத்தமும் தூசியும். அவனுடைய முடி ஒதுங்கி, பாதிக் காது வெளியே தெரிந்தது.

மூவரும் ரொனியின் உடம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பிறிஜெற் நின்ற இடத்திலிருந்து அவன் முகம் தெரிந்தது. அவன் பேசிக்கொண்டிருந்தான். ‘வேணாம்’ என்ற சொல் உதட்டில் நன்றாகத் தெரியும், கடைசியில் வாய் மூடும். அவனுடைய வாய் திறந்து திறந்து மூடியது. வேணாம், வேணாம், வேணாம். பிறகு ‘பிள்ளையள்’ என்றான். ஒரு கையைத் தூக்கி உள்ளங்கையை விரித்துக் காட்டினான். அந்தக் கிடங்கில் அவன் சொல்வது தெரிந்தது அவள் ஒருத்திக்குத்தான். அவள் பார்க்காவிட்டால் அவன் எதுவுமே சொல்லாத மாதிரி ஆகிவிடும்.

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சுவரில் அவனுடைய தேர்தல் சுவரொட்டிகள் கட்டுக்கட்டாகச் சாய்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நின்றது பந்தல் பலகைகளின் மேல் என்பதால் அலவாங்கு இறங்கும் ஒவ்வொரு அடியும் உள்ளங்கால் வழியாக ஏறி முழங்கால் வரைக்கும் வந்தது. ஷட்டர் விழுந்ததை நினைத்தாள். இன்னும் ஒன்று, இன்னும் ஒன்று என்று அவளுக்குள் ஏதோ கேட்டது. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று அவளால் பிறகு சொல்ல முடியவில்லை. திரும்பியபோது ரொனியின் வாய் அசையவில்லை. அலவாங்கு இப்போது தலைக்கு நேராக உயர்ந்திருந்தது.

அவள் பாய்ந்து கட்டுப் போட்ட கையை நடுவில் நீட்டினாள். கையைத் தவிர வேறு எதைக் கண்டிருந்தாலும் றொஹான் நிறுத்தியிருக்கமாட்டான். அலவாங்கு அவளுடைய தோளை உரசிக்கொண்டு பலகையில் விழுந்தது. அவன் அவளைப் பார்த்தான், அவளை யாரென்று தெரிந்துகொள்ளவே அவனுக்குக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிறகு நான்கு பேரும் ஒழுங்கை வழியே ஓடினார்கள்.

ரொனி சாகவில்லை. ஒரு கால் முழங்காலுக்குக் கீழே இயங்காமல் போயிற்று. ஆஸ்பத்திரியில் வந்து கேட்ட பொலிஸிடம் பந்தல் கம்பங்கள் சரிந்து விழுந்ததாகச் சொன்னானாம். ஊமையன்கள் அடித்தார்கள் என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. தேர்தலுக்கும் நிற்கவில்லை. வீட்டை விற்றுக்கொண்டு குடும்பத்தோடு நீர்கொழும்புப் பக்கம் போய்விட்டான் என்று கேள்வி.

பொலிஸுக்குத் தெரியாதது தெருவுக்குத் தெரிந்திருந்தது. றொஹான் வந்தால் ஆட்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். சாப்பாட்டுக் கடையில் அவனுக்கு முதலில் பரிமாறினார்கள். முதலில் அவனுக்கு அது வெட்கமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது. பிறகு அது கிடைக்காத இடத்தில் கோபம் வந்தது. பஸ்ஸில் இடித்த ஒருவனைக் கொலரில் பிடித்துக் கீழே இறக்கினான். யாட்டில் மேற்பார்வையாளரின் மேசையைப் புரட்டிப்போட்டான். ஹியூபேட்டுக்கும் அவனுக்கும் வாய்த்தர்க்கம் போலத் தொடங்கிய கைத்தர்க்கம் ஒன்று ஹியூபேட்டின் மூக்கு உடைந்து முடிந்தது. ஒருநாள் கறியில் உப்புக் கூடிவிட்டது என்று பிறிஜெற்றின் முகத்துக்கு நேரே முஷ்டியை உயர்த்தினான். அடிக்கவில்லை. ஆனால் உயர்த்தினான்.

கட்டு அவிழ்த்த கொஞ்ச நாளில் ஸமீமா வீட்டு வாசலில் வந்து நின்றாள். மன்னிப்புக் கேட்டாள். அகராதியில் பாதிச் சொற்கள்தான் முடிந்திருந்தன. வெள்ளவத்தையில் கடற்கரைத் தெருவோரம் ஒரு மண்டபத்தை ஞாயிறுகளில் இலவசமாகத் தருகிறார்கள், வருவாயா என்று ஸமீமா கேட்டபோது மட்டும் பிறிஜெற் தலையசைத்தாள். இருவரும் பழையபடி சிநேகிதிகள் ஆகவில்லை. ஒன்றாக வேலை செய்தார்கள்.

பிறிஜெற்றின் வலது கைப் பேச்சு இப்போது கொன்னியது. மடங்காத இரண்டு விரல்களும் சொற்களுக்குக் குறுக்கே நின்றன. ஆகவே வீடியோவுக்கு வேறு ஆட்களை நிறுத்திவிட்டு அவள் பக்கத்தில் இருந்து திருத்தினாள். வெள்ளவத்தையில் துணிக்கடையில் நிற்கும் டில்ஷானி என்ற பெண் கெட்டிக்காரி. அழித்துவிட்ட ‘சண்டியன்’ என்ற சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டும் என்று ஸமீமாவே தயங்கித் தயங்கிச் சொன்ன அன்று, டில்ஷானி கமெராவுக்கு முன்னால் வந்து இரண்டு முஷ்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, தலைக்கு மேல் தூக்கி, கீழே இறக்கினாள்.

பிறிஜெற் கதிரையை விட்டு எழுந்தாள். இது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள்.

“கொட்டாஞ்சேனையில் ஒரு ஆள் இருக்கிறாராம்,” என்றாள் டில்ஷானி. “அலவாங்கால் காலை உடைக்கிற ஆள். நான் கண்டதில்லை. இப்ப எல்லாரும் இப்பிடித்தான் காட்டுறது. காதுச் சைகை பழசு.”

ஸமீமா கமெராவை நிறுத்தப் போனாள். பிறிஜெற் வேண்டாம் என்று தடுத்தாள். தெருவில் காட்டுகிறதைத்தான் போட வேண்டும் என்று சொன்னவள் அவள்தான். டில்ஷானியின் முஷ்டி சரியான உயரத்துக்கு வரவில்லை என்று இன்னொரு தடவை எடுக்கச் சொன்னாள்.

அந்த வீடியோவை அவளே வீட்டுக்குக் கொண்டுபோய் றொஹானிடம் காட்டினாள். வேறு யாரும் காட்டி அவன் அறியக் கூடாது என்று நினைத்தாள். அவன் பார்த்தான். முதலில் விளங்கவில்லை. இரண்டாவது தடவை பார்த்தபோது முகம் இறுகியது.

“இதை எடுத்துவிடு,” என்றான்.

“அதைத்தான் ரொனியும் கேட்டவன்,” என்றாள்.

அவன் எழுந்தான். மேசை சரிந்தது. போனைச் சுவரில் அடித்து உடைத்தான். அவள் பின்வாங்காமல் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். அவனுடைய மூச்சு அவள் முகத்தில் பட்டது. பிறகு அவன் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனான். அந்தக் கிழமை முழுவதும் யாட்டிலேயே படுத்துக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு, மண்டபத்தில் பதிவு நடந்துகொண்டிருக்கும்போது, வாசலில் வந்து நின்றான். உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள், கைகள் பறந்துகொண்டிருந்தன. ஹியூபேட்தான் முதலில் அவனைக் கண்டான். கண்டதும் பக்கத்தில் இருந்தவனின் தோளைத் தொட்டான். ஒருவர் ஒருவராகத் திரும்பினார்கள். கைகள் எல்லாம் நின்றன. டில்ஷானி பாதிச் சொல்லில் நிறுத்தி இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். அவனைக் கண்டிராத பெண்ணுக்கும் அவன் யாரென்று தெரிந்துவிட்டது.

றொஹான் அந்த அறையைப் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு திரும்பிப் போய்விட்டான்.

வேலை முடிந்து பிறிஜெற் வெளியே வந்தபோது அவன் ரயில் பாதையோரம் ஒரு சிமெந்துக் கட்டில் உட்கார்ந்திருந்தான். அவளைக் கண்டதும் எழுந்து, பஸ் எடுக்கும் காலி வீதி வரைக்கும் கூட நடந்தான். பஸ்ஸில் இருவருக்கும் ஒரே ஆசனம் கிடைத்தது. காலிமுகத்திடலைக் கடக்கும்போது அவன் அவள் பக்கம் திரும்பினான். கைகளை மடியோடு தாழ்வாக வைத்துக்கொண்டு கேட்டான்.

“அண்டைக்குக் கிடங்கில, அவன் ஏதும் சொன்னவனா?”

கொன்னும் கையால் அதைச் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. இடது கையை எடுத்தாள்.

“வேண்டாம் எண்டவன். நிறையத் தரம். பிள்ளையள் எண்டவன்.”

“எப்ப?”

“நான் வந்த நேரமிருந்து.”

அவன் அவளையே பார்த்தான். அவள் முடிக்கவில்லை என்று அவனுக்குத் தெரிந்தது.

“எனக்கு விளங்கினது,” என்றாள். “விளங்கித்தான் மற்றப் பக்கம் திரும்பினனான்.”

பஸ் நின்று ஆட்கள் ஏறினார்கள். ஆசனங்களுக்கு நடுவே நின்ற ஒருவரின் பை றொஹானின் முகத்தில் இடித்தது. அவன் அதை ஒதுக்கவில்லை. புறக்கோட்டை வந்து இறங்கும்வரை அவன் கைகளைத் தூக்கவில்லை, அவளும் தூக்கவில்லை. கொட்டாஞ்சேனை பஸ்ஸுக்கு இருவரும் வரிசையில் ஒருவர் பின் ஒருவராக நின்றார்கள்.